ஆங்கில மரபுத்தொடருக்கு எந்த அகராதி? நான்கு இலவசத் தளங்கள், ஓர் அலசல்

‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறிக் கொட்டுவது. இவ்வளவுதான் வேண்டுமென்றால் அகராதி பக்கமே போக வேண்டாம். சமூக ஊடகத்தில் சுற்றும் ‘தினம் பத்து இடியம்’ படம் ஒன்றே போதும். அந்தத் தொடரை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போதுதான் சந்தேகங்கள் வரிசைகட்டி வரும். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இது வரலாமா? ‘பீன்ஸ்’ என்பதை ஒருமையாக்கி ‘ஸ்பில் எ பீன்’ என்று சொன்னால் என்ன ஆகும்? எதைப் பற்றி உளறினான் என்று சேர்க்க ‘அபவுட்’ போடுவதா, ‘ஆஃப்’ போடுவதா? வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாகத் திருப்பலாமா?

ஆக, பொருள் என்பது கால்வாசி வேலைதான். யார், யாரிடம், எந்த இடத்தில், எந்த வடிவத்தில் சொல்வார்கள் என்பதுதான் மீதி முக்கால்வாசி. அந்த முக்கால்வாசியை எது ஒழுங்காகத் தருகிறது என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், காலின்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் ஆகிய நான்கு இணைய அகராதிகளையும் பார்ப்போம். நான்கையும் கணக்குத் தொடங்காமலே இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரங்கள் உண்டு, அது ஒரு தொல்லைதான்.

அதற்கு முன்பு, நேரடியாகத் தமிழில் பொருள் தரும் பட்டியல்களும் மொழிபெயர்ப்புச் செயலிகளும் ஏன் போதாது என்று சொல்லிவிட வேண்டும். ‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பார்த்தவுடன் ‘காலை வாருவது’ என்று தோன்றும். நண்பர்கள் கூடியிருக்கும்போது ஒருவரைக் கலாய்ப்பதையும் காலை வாருவது என்கிறோம். அந்த அர்த்தத்தில் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் ‘கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான்’ என்றால் அது நம்பிக்கைத் துரோகம். ஆங்கிலத் தொடரில் துரோகத்தின் வாடையே கிடையாது. இல்லாத ஒன்றை உண்மைபோலச் சொல்லி, எதிரில் இருப்பவரை ஒரு நிமிடம் நம்பவைத்துச் சிரிப்பது மட்டும்தான் அது. கூட்டாளி ஏமாற்றிவிட்டார் என்று புகார் எழுதும்போது ‘ஹி புல்டு மை லெக்’ என்று எழுதினால், ‘விளையாட்டாகப் பொய் சொன்னார்’ என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். புகாரே நீர்த்துப் போகும்.

‘பிக் மவுத்’ இன்னொன்று. நம் ‘வாய் நீளம்’ எதிர்த்துப் பேசுவதைக் குறிக்கும். அவர்களுடைய பெரிய வாய் முக்கியமாக ரகசியம் தங்காத வாய், அளவுக்கு மீறிப் பேசும் வாய். பார்த்தால் ஒன்றுபோல இருப்பவைதான் அதிகம் ஏமாற்றும். அதேசமயம் நேருக்கு நேர் பொருந்துபவையும் உண்டு. ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்’ அப்படியே நம் ‘கைகழுவுதல்’. ஆனால் கடைசியில் வரும் அந்த ‘ஆஃப்’ விழுந்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவியதாக ஆகிவிடும். இந்த நுணுக்கங்களைத் தனியாக எடுத்துச் சொல்ல ‘கைவிடுதல்’ என்ற ஒற்றைச் சொல் விளக்கத்தால் முடியாது. கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி இங்கேதான் தேவைப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தொடங்கலாம். மரபுத்தொடருக்கும் இந்த அகராதிக்கும் உள்ள உறவு பழையது: ஏ.எஸ். ஹார்ன்பியும் உடனிருந்தவர்களும் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியானபோது அதன் பெயரே ‘இடியமேட்டிக் அண்ட் சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்‌ஷனரி’. இன்றைய தளத்தில் ஒரு சொல்லின் பக்கத்தைத் திறந்தால், சாதாரணப் பொருள்கள் முடிந்த பிறகு ‘இடியம்ஸ்’ என்ற தலைப்பில் அந்தச் சொல்லின் தொடர்கள் எல்லாம் அகரவரிசையில் ஒரே இடத்தில் இருக்கும். ‘ஹேண்ட்’, ‘ஐ’, ‘ஹெட்’ போன்ற சொற்களுக்கு அந்தப் பட்டியல் மிக நீளம். சாதாரணப் பொருளையும் தொடரையும் கலக்காமல் பிரித்து வைத்திருப்பது பெரிய நிம்மதி.

எந்தச் சொல்லின் கீழ் தேடுவது என்பதற்கு இதில் ஒரு விதி இருக்கிறது. தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். தொடரில் வரும் முதல் முழுச்சொல், அதாவது பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதன் கீழ்தான் விளக்கம். ‘கிக் த பக்கெட்’ வேண்டுமென்றால் ‘கிக்’, ‘ஸ்பில் த பீன்ஸ்’ வேண்டுமென்றால் ‘ஸ்பில்’. விதிவிலக்கு, எங்கும் வரும் வினைகளும் பெயரடைகளும்: ‘கெட்’, ‘கோ’, ‘குட்’, ‘பேட்’ போன்றவை. அவற்றைத் தாண்டி அடுத்த முழுச்சொல்லுக்குப் போக வேண்டும். ‘கெட் கோல்ட் ஃபீட்’ தேடுபவர் ‘கெட்’ பக்கத்தில் அலைந்து பயனில்லை. அது ‘கோல்ட்’ பக்கத்தில் இருக்கிறது. அதன் விளக்கமும் கச்சிதம்: செய்வதாகத் திட்டமிட்டிருந்த ஒரு காரியத்தைப் பற்றித் திடீரென்று பயம் வருவது. ‘திட்டமிட்டிருந்த’ என்ற அந்தச் சொல்தான் உயிர். பாம்பைப் பார்த்துப் பயப்படுவது ‘கோல்ட் ஃபீட்’ அல்ல. வீடு வாங்க முன்பணம் கொடுத்த பிறகு கையெழுத்துப் போடும் நாளில் வயிற்றைக் கலக்குகிறதே, அதுதான்.

இதன் இன்னொரு பலம், தொடருக்கு முன்னால் போடும் சிறு குறிப்பு. ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு ‘இன்ஃபார்மல் ஆர் ஹ்யூமரஸ்’ (பேச்சுவழக்கு அல்லது வேடிக்கை) என்று போட்டிருக்கும். பலர் கண் அதன்மேல் படாமலே பொருளுக்கு ஓடிவிடும். ‘இறந்து போவது’ என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அனுதாபக் கடிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? துக்க வீட்டுக்குப் போய் ‘பெரியவர் மண்டையைப் போட்டுட்டாராமே’ என்று கேட்பதற்குச் சமம். ‘ஃபார்மல்’ (முறையான நடை), ‘இன்ஃபார்மல்’, ‘ஹ்யூமரஸ்’, ‘டிஸ்அப்ரூவிங்’ (பழிப்பு), ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’ (பழையது), ‘அஃபென்சிவ்’ (புண்படுத்துவது) ஆகிய ஆறு குறிப்புகளையாவது பொருளுக்கு முன்னால் படித்துவிட வேண்டும்.

குறை என்று பார்த்தால், ஆக்ஸ்ஃபோர்டின் விளக்கங்கள் பெரும்பாலும் ‘டு’ போட்டுத் தொடங்கும் சுருக்க வடிவம். ‘டு டை’ என்று முடித்துவிடும். எழுவாய் யாராக இருக்கலாம், எந்தக் காலத்தில் வரும் என்பதை எடுத்துக்காட்டிலிருந்து நாமாகவே பிடிக்க வேண்டும்.

அந்தக் குறையை நிரப்புவது காலின்ஸ் தளத்தில் மேலே வரும் கோபில்ட் விளக்கம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் சேமித்த நிஜ ஆங்கில உரைகளை அலசி உருவாக்கிய கற்போர் அகராதி இந்தக் கோபில்ட், 1987-இல் அதன் முதல் பதிப்பு வந்தது. இதன் தனித்தன்மை, விளக்கமே முழு வாக்கியமாக இருப்பது. வகுப்பில் ஆசிரியர் வாயால் சொல்வது போல இருக்கும்: ‘ஒருவர் இப்படிச் செய்தால், அவர் இன்னது செய்கிறார் என்று அர்த்தம்.’ அந்த முன்பாதியிலேயே தொடரின் இலக்கணம் ஒளிந்திருக்கிறது.

‘கிக் த பக்கெட்’ விளக்கத்தையே அருகில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ‘ஹேஸ் கிக்டு த பக்கெட்’ என்று நீங்கள் சொன்னால், அவர் இறந்துவிட்டார் என்று பொருள் என்கிறது. இதிலிருந்து மூன்று விஷயம் கிடைக்கிறது. எழுவாய் மனிதர். வினை முடிந்துபோன நிலையில் வருகிறது. ‘ஹி இஸ் கிக்கிங் த பக்கெட்’ என்று, உயிர் ஊசலாடுவதைக் குறிக்கச் சொல்ல முடியாது. மூன்றாவது, ‘நீங்கள் சொன்னால்’ என்ற அந்தத் தொடக்கம். இது சொல்பவருடைய பார்வை கலந்த பேச்சு, வெறும் தகவல் அல்ல என்பதற்கான அடையாளம் அது. கோபில்டில் ‘நீங்கள்’ என்று தொடங்குவதற்கும் ‘ஒருவர்’ என்று தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. நல்லதோ பொதுவானதோ என்றால் ‘நீங்கள்’. படிப்பவர்மேல் ஏற்றிச் சொல்லக் கூசும் செயல் என்றால் ‘ஒருவர்’. இந்தப் பழக்கம் தெரிந்துவிட்டால் ஒரு தொடரில் பழிப்பு இருக்கிறதா என்பது முதல் சொல்லிலேயே புரிந்துவிடும்.

காலின்ஸின் சிக்கல் பக்கத்தின் நீளம். கோபில்ட் விளக்கத்துக்குக் கீழே வேறு காலின்ஸ் அகராதிகளின் விளக்கங்களும், அமெரிக்க அகராதி ஒன்றின் விளக்கமும் அடுத்தடுத்து வரும். ஒரே தொடருக்கு மூன்று விளக்கம் பார்த்துத் தலைசுற்றுபவர்கள் உண்டு. தலைப்பில் ‘கோபில்ட்’ என்று இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே இருப்பவை ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதியவை.

லாங்மேன் 1978-இல் முதலில் வந்தபோதே ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்தான் எல்லா விளக்கத்தையும் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. பள்ளி ஆங்கிலம் மட்டும் இருப்பவருக்கு இதுவே சரியான முதல் அகராதி. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேட வேண்டிய சுற்று இதில் குறைவு. தளத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கே ஒலி இருக்கிறது என்பது மரபுத்தொடருக்கு மிகப்பெரிய உதவி, ஏனென்றால் தொடரில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது கேட்டால்தான் வரும். பெரும்பாலும் கடைசி முழுச்சொல்லில் விழும்: ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்பதில் ‘பீன்ஸ்’, ‘அவுட் ஆஃப் த ப்ளூ’ (எதிர்பாராமல் திடீரென்று) என்பதில் ‘ப்ளூ’. எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொன்னால் கேட்பவர் நிஜமாகவே பருப்பு கொட்டிவிட்டது என்று ஒரு கணம் விழிப்பார்.

லாங்மேனில் ‘ஸ்போக்கன்’ என்ற குறிப்பைப் பார்த்தால், எழுத்தில் அந்தத் தொடரைத் தவிர்த்துவிடுங்கள். குறை: நீளமான பக்கங்களில் தொடர்கள் எண்ணிட்ட பொருள்களுக்கு நடுவே கலந்து கிடக்கும். ‘டேக்’, ‘கெட்’ மாதிரிப் பக்கங்களில் கண் வலிக்கும். பக்கத்துக்குள் தேடும் வசதியில் தொடரின் இரண்டாவது சொல்லைத் தட்டிக் கண்டுபிடிப்பதே வழி.

கேம்பிரிட்ஜ் அலுவலக ஆங்கிலத்துக்கு முதலிடம். பிரிட்டிஷ், அமெரிக்க, வணிக ஆங்கில விளக்கங்கள் ஒரே பக்கத்தில் தனித்தனிப் பகுதிகளாக வரும். ‘பால்பார்க் ஃபிகர்’ (தோராயக் கணக்கு), ‘டச் பேஸ்’ (சும்மா ஒரு எட்டு பேசிவிடுவது), ‘மூவ் த கோல்போஸ்ட்ஸ்’ (வேலை நடக்கும்போதே விதியை மாற்றுவது) என்று கூட்டங்களில் பறக்கும் தொடர்களுக்கு இங்கேதான் முதலில் போக வேண்டும். சில தொடர்களுக்குப் பக்கத்தில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரையிலான நிலைக்குறியும் இருக்கும். சி2 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். கற்பவர்கள் வழக்கமாக எந்தக் கட்டத்தில் அதைக் கையாளத் தொடங்குகிறார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. பல தொடர்களுக்கு ஓரிரு எடுத்துக்காட்டோடு நின்றுவிடுவது ஒரு குறை.

பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதை பிரிட்டனில் ‘எ ட்ராப் இன் த ஓஷன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘எ ட்ராப் இன் த பக்கெட்’. கண் பட்டுவிடக் கூடாது என்பதுபோல ‘டச் வுட்’ சொல்வது பிரிட்டன், ‘நாக் ஆன் வுட்’ அமெரிக்கா. சுயதம்பட்டம் அடிக்க பிரிட்டனில் ஊதுவது ‘ட்ரம்பெட்’, அமெரிக்காவில் ‘ஹார்ன்’. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குவது பிரிட்டனில் தேநீர்க் கோப்பைக்குள் புயல், அமெரிக்காவில் தேநீர்க் கெண்டிக்குள் புயல். இவற்றில் எதைச் சொன்னாலும் புரிந்துவிடும். ஆனால் இரண்டையும் கலந்து ‘ட்ராப் இன் த டீகப்’ என்று புதிதாக ஒன்றைச் செய்தால் புரியாது. குழப்பத்தின் உச்சம் ‘குட்ன்ட் கேர் லெஸ்’. அமெரிக்கப் பேச்சில் இதையே ‘குட் கேர் லெஸ்’ என்று எதிர்மறையை விட்டுவிட்டும் சொல்கிறார்கள். பொருள் அதேதான், ‘எனக்குத் துளியும் கவலையில்லை’. எழுதும்போது ‘குட்ன்ட்’ வடிவமே பாதுகாப்பு.

நான்கு தளத்திலும் தேடல் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தளம் அல்ல, நாம் தட்டும் விதம். கேட்ட வாக்கியத்தை அப்படியே போடுகிறோம்: ‘ஹி வாஸ் புல்லிங் மை லெக்’. அகராதியில் அந்த வடிவம் இருக்காது. வினையை மூலவடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், ‘மை’ இருக்கும் இடத்தில் ‘சம்ஒன்ஸ்’ அல்லது ‘சம்படிஸ்’ போடுங்கள். அதற்கும் வராவிட்டால், தொடரில் எந்தச் சொல் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை மட்டும் தட்டிப் பக்கத்தில் தேடுங்கள். பேச்சு ரகசியத்தைப் பற்றி இருக்க, நடுவில் ‘பீன்ஸ்’ எதற்கு வந்தது? அதுதான் சாவி.

தேடிக் கண்டுபிடித்த பிறகு அதைப் படிப்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ‘சம்ஒன்ஸ்’, ‘ஒன்ஸ்’, ‘யுவர்’ எல்லாம் காலி இடங்கள். ஆளுக்கு ஏற்ப ‘மை’, ‘ஹிஸ்’, ‘தேர்’ என்று நிரப்ப வேண்டியவை. நல்லபடி நடக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதைச் சொல்ல ‘ஷி கெப்ட் யுவர் ஃபிங்கர்ஸ் கிராஸ்டு’ என்று அகராதி வடிவத்தையே ஒட்டிவைத்தால், அவள் உங்கள் விரல்களைப் பிடித்துப் பின்னியதாகிவிடும். சாய்கோடு இருந்தால் இரண்டில் ஒன்று, அடைப்புக்குறி இருந்தால் விட்டாலும் தவறில்லை.

ஒவ்வொரு தொடரும் எவ்வளவு வளையும் என்பதை இந்த நான்கில் எதுவும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இதுதான் எங்கள் பெரிய மனத்தாங்கல். ‘ஸ்பில் த பீன்ஸ்’ வளையும்: ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று திருப்பலாம். ‘புல் ஸ்ட்ரிங்ஸ்’, அதாவது செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் சாதிப்பது, அதுவும் வளையும். ‘கிக் த பக்கெட்’ வளையாது. ‘த பக்கெட் வாஸ் கிக்டு’ என்றால் உண்மையான வாளியை உண்மையாகவே யாரோ உதைத்துவிட்டார்கள். காரணம் இருக்கிறது. பீன்ஸ் என்ற இடத்தில் ‘ரகசியங்கள்’ என்றும் ஸ்பில் என்ற இடத்தில் ‘வெளியிடுதல்’ என்றும் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வாளிக்கு அப்படிப் பங்கு எதுவும் கிடையாது, மொத்தத் தொடரும் சேர்ந்துதான் ‘இறத்தல்’. புதிய தொடர் ஒன்றைப் பார்க்கும்போது இப்படிச் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அதன் வடிவத்தில் கை வைக்காதீர்கள். பொருந்தினாலும் ‘ஸ்பில் எ பீன்’ என்ற ஒருமை எடுபடாது. பன்மை பன்மையாகவே இருக்கட்டும்.

தொடர் பிறந்த கதைகளுக்காக இந்த அகராதிகளுக்குப் போக வேண்டாம், போனாலும் சந்தேகக் கண்ணோடு போங்கள். ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பிறந்தது கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, ஆதாரம் கிடையாது. அந்தத் தொடருக்கே இப்போது பாடப்புத்தக வாசம் வந்துவிட்டது. அடைமழையைச் சொல்ல ‘இட்ஸ் போரிங்’ (கொட்டுகிறது என்ற பொருளில், அலுப்பு அல்ல) போதும். ஆதாரம் உள்ள கதைகளும் உண்டு. அடுத்தவர் பெருமையைத் தட்டிப் பறிப்பது என்ற பொருள் தரும் ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’, 1709-இல் லண்டனில் ஜான் டென்னிஸ் தன் நாடகத்துக்காக இடியோசை எழுப்பும் புதிய உத்தி ஒன்றைக் கண்டுபிடித்ததோடு தொடர்புடையது. நாடகம் ஓடவில்லை. அதே இடியோசை பிறகு வேறு நாடகத்தில் ஒலித்ததைக் கேட்டு அவர் கொதித்தார் என்று பதிவாகியிருக்கிறது. இப்படி ஆள், ஆண்டு, இடம் மூன்றும் இருக்கும் கதையை மட்டும் நினைவில் வையுங்கள்.

அகராதியில் பார்த்த தொடர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய யூக்ளிஷ் தளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தொடரைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் இடங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் உச்சரிப்பைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து காணொளி பார்த்தால் யார் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டா முறைத்துக்கொண்டா என்பது தெரிந்துவிடும்.

நான்கையும் ஒரே தொடருக்குத் திறக்க வேண்டியதில்லை. அடிப்படை ஆங்கிலம் என்றால் லாங்மேனில் தொடங்குங்கள். எழுதுவதற்காகத் தேடுபவர் காலின்ஸில் கோபில்ட் விளக்கத்தையும் ஆக்ஸ்ஃபோர்டின் குறிப்பையும் சேர்த்துப் படிக்கட்டும். அலுவலகத்தில் காதில் விழுந்தது என்றால் கேம்பிரிட்ஜ்.

குறிப்பேட்டில் எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல் ஐந்து வரி எழுதுங்கள். ‘அண்டர் த வெதர்’ என்பதற்கு இப்படி: வடிவம், பெரும்பாலும் ‘பீ’ அல்லது ‘ஃபீல்’ என்ற வினையோடு. பொருள், உடம்பு லேசாகச் சரியில்லை. தரம், பேச்சுவழக்கு, சக ஊழியருக்கு அனுப்பும் விடுப்புச் செய்தியில் வரலாம். கூடாத இடம், பெரிய நோய், அறுவை சிகிச்சை, விபத்து. கடைசி வரியில் உங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு வாக்கியம்: ‘ஐ அம் ஃபீலிங் எ பிட் அண்டர் த வெதர், ஸோ ஐ வில் வர்க் ஃப்ரம் ஹோம் டுடே.’ அந்த ‘எ பிட்’ கூடவே வருவதைக் கவனியுங்கள். இந்தத் தொடரோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் துணை அது. அதையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.